கூலிக் கணக்கு எந்த ஊரில் இருக்கிறது?

வீராம்பட்டினம் கரையில் காலை நேரத்தில் படகு ஏறியதும் மீன் ஏலம் போகிறது. ஏலம் என்ன விலைக்கு முடிந்தது என்பது சுற்றி நிற்கும் எல்லார் காதிலும் விழுகிறது. எண்ணெய்ச் செலவு, ஐஸ் செலவு போக, படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, கடலுக்குப் போன ஆட்களுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிக்கிறார்கள். அந்தப் பங்கு நியாயமானதா, படகுக்காரர் பங்கு ஏன் பெருத்துக்கொண்டே போகிறது என்பதெல்லாம் தனி விஷயம். அதைப் பற்றிப் பேச நமக்கு நிறைய உண்டு. ஆனால் கணக்கு மணலிலே நடக்கிறது. எழுத்தறியாத மனிதனும் "இது எப்படி?" என்று எதிர்த்துக் கேட்கலாம். பதில் சொல்ல வேண்டியவர் எதிரே நிற்கிறார்.

அதே கரையில் சென்ற மாதம் ஒரு தாய் நம்மிடம் தன் செல்போனை நீட்டினார். கூடையில் மீன் சுமந்து விற்றுப் பிள்ளையை ஐ.டி.ஐ. வரை படிக்க வைத்தவர். பிள்ளை வளைகுடா நாடு ஒன்றில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் பைப் ஃபிட்டராக இருக்கிறான். செங்கழுநீரம்மன் ஆடித் தேருக்கு வருகிறேன் என்றவன் வரவில்லை. சம்பளச் சீட்டைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறான்.

"தம்பி, இதுல என்னா போட்டிருக்கான்னு பாத்துச் சொல்லு. ஆயிரத்து நானூறுன்னு சொல்லித்தானே கூட்டிக்கினு போனாங்க?"

பார்த்தோம். அந்நாட்டுப் பணத்தில் அடிப்படைச் சம்பளம் 700. படிகள் 500. சாப்பாட்டுக்குப் பிடித்தம் 150. 'இதர பிடித்தம்' 50. கைக்கு 1,000. ஆயிரத்து நானூறு ஆயிரமான விதம் இது. அந்த 'இதர' என்பது என்ன? பிள்ளை மேஸ்திரியைக் கேட்டான். மேஸ்திரி ஆபீசைக் காட்டினார். ஆபீசார், "சம்பளக் கணக்கை நாங்கள் போடுவதில்லை, வெளிக் கம்பெனியிடம் விட்டிருக்கிறோம்" என்றார்கள். அந்த வெளிக் கம்பெனி எங்கே இருக்கிறது தெரியுமா தோழர்களே? சென்னையில்! வீராம்பட்டினத்திலிருந்து பஸ் ஏறினால் நாலு மணி நேரத்தில் போய்ச் சேரலாம். சீட்டின் அடியில் இருந்த முகவரிக்குப் பிள்ளை கடிதம் அனுப்பினான். இரண்டு வரி பதில் வந்தது. தகவல் பாதுகாப்பு விதிகளின்படி விவரம் தர இயலாது, உமது கம்பெனியை அணுகவும் என்று.

தன் கூலியின் விவரத்தைத் தானே கேட்கிறான். அது பாதுகாக்கப்பட்ட ரகசியம் என்கிறார்கள்! யாரிடமிருந்து பாதுகாக்கிறார்கள்?

இவன் ஒருவன் கதையாக இருந்தால் தலையங்கம் எழுத வேண்டியதில்லை. இன்று பல நாடுகளில் ஆள் வைத்து வேலை வாங்கும் கம்பெனிகள் சம்பளக் கணக்கைத் தனித் தொழிலாகவே பிரித்துவிட்டன. ஒரு நாட்டில் வேலை நடக்கும். கம்பெனியின் தலைமை ஆபீஸ் இன்னொரு நாட்டில். கணக்குப் போடுவது மூன்றாவது நாட்டில். அந்தக் கணக்கு தங்கியிருக்கும் கம்ப்யூட்டர் நான்காவது நாட்டில். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு சட்டம். வரி எவ்வளவு பிடிக்க வேண்டும், எந்தத் தேதிக்குள் பட்டுவாடா செய்ய வேண்டும், வருங்கால வைப்பு நிதி உண்டா, ஓவர்டைமுக்கு என்ன விகிதம் என்பவற்றையெல்லாம் பார்த்து மாதக் கடைசியில் கணக்கு முடிக்க வேண்டும். சென்னை பழைய மகாபலிபுரம் சாலையிலும், பெங்களூரிலும், ஐதராபாத்திலும் இரவு ஷிப்டில் கண் விழித்து இந்த வேலையைச் செய்பவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள்தான். அவர்கள் மேல் நமக்குக் கோபமில்லை. அவர்களும் சம்பளச் சீட்டை எதிர்பார்த்து நிற்பவர்களே. அந்த இரண்டு வரி பதிலை அனுப்பியவருக்கு, அதற்கு மேல் ஒரு வரி எழுதினால் வேலை போய்விடும்.

வளைகுடா சர்க்கார்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கூலி பாக்கி பெருகி, முகாம்களில் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்யும் நிலை வந்த பிறகு, ஐக்கிய அரபு அமீரகம் 2009-இல் ஊதியப் பாதுகாப்பு முறை என்ற ஏற்பாட்டைக் கொண்டு வந்தது. 2013-இல் சவூதி அரேபியாவும், 2015-இல் கத்தாரும் இதையே செய்தன. கையில் கொடுத்தேன் என்று கம்பெனி சொன்னால் போதாது. பாங்கி வழியாகவோ பணமாற்று நிலையம் வழியாகவோ கொடுக்க வேண்டும். யாருக்கு, எத்தனை நாளுக்கு, எவ்வளவு என்ற கோப்பை மாதாமாதம் ஒப்படைக்க வேண்டும். தொழிலாளர் இலாகா அதைப் பார்க்கலாம். இது நல்ல ஏற்பாடு. எழுதப்பட்ட கணக்கு தொழிலாளியின் ஆயுதம் என்று நாம் எப்போதும் சொல்லி வந்திருக்கிறோம். மஸ்டர் ரோலில் பெயர் ஏற்று என்று ஆலை வாசலிலும் ஏரி வேலையிலும் போராடியவர்கள் நாம்.

ஆனால் அந்தக் கோப்புக்குத் தெரிவது பணம் பாங்கிக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதுதான். பாங்கி அட்டை மேஸ்திரியின் சட்டைப் பையில் இருப்பது அதற்குத் தெரியாது. ஊரில் கையெழுத்து வாங்கிய ஒப்பந்தம் ஒன்று, அங்கே போய் இறங்கியதும் கையெழுத்து வாங்கிய ஒப்பந்தம் வேறு என்பதும் தெரியாது. சரி, தெரிந்த விஷயத்துக்காவது நடவடிக்கை உண்டா? 2016-ஆம் வருஷம் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் சவூதியின் ஜெட்டா பக்கம் ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர் மாதக்கணக்கில் சம்பளமில்லாமல், கடைசியில் சோறும் இல்லாமல் முகாம்களில் கிடந்தார்கள். இந்தியத் தூதரக அலுவலகம் உணவுப் பொருள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதாயிற்று. மந்திரி ஒருவர் நேரில் போனார். அந்நாட்டில் ஊதியப் பாதுகாப்பு முறை வந்து அப்போது மூன்று வருஷம். கூலி கொடுபடாத மாதங்களைக் காட்டவே அந்த முறை இருக்கிறது. இருந்தும், சோறு தீரும் வரை காரியம் நடக்கவில்லை.

நமது சர்க்காரின் லட்சணமும் பார்க்கத் தக்கது. வெளிநாடு போகும் தொழிலாளிக்கு இதற்குக் குறையாமல் கூலி என்று வெளியுறவு அமைச்சகம் ஒரு குறைந்தபட்ச அளவை வைத்திருக்கிறது. 2020 செப்டம்பரில், கொரோனாவால் வேலையிழந்து நம் மக்கள் தத்தளித்துக்கொண்டிருந்த சமயத்தில், வளைகுடா நாடுகளுக்கான அந்த அளவை 30 முதல் 50 சதவீதம் வரை குறைத்தார்கள். வேலை பறிபோகாமல் இருக்க என்று காரணம் சொன்னார்கள். எதிர்ப்பும் வழக்கும் வந்த பிறகு 2021-இல் பழைய அளவுக்குத் திரும்பினார்கள். இடைப்பட்ட மாதங்களில் ஒப்பந்தம் போட்டவன் கதி என்ன என்று கேட்பாரில்லை.

சம்பளச் சீட்டில் அடிப்படை 700 என்று ஏன் பிரிக்கிறார்கள் என்று அந்தத் தாய் கேட்டார். நல்ல கேள்வி. அமீரகச் சட்டத்தை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். வேலை முடிந்து கிளம்பும்போது கொடுக்க வேண்டிய பணிக்கொடை, முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் ஒன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். படி கணக்கில் சேராது. அடிப்படை 1,400 ஆக இருந்தால் ஐந்து வருஷத்தில் 4,900 வரும். 700 ஆக இருந்தால் 2,450. சீட்டில் ஒரு கோட்டை இடம் மாற்றிப் போட்டதில் பாதிப் பணிக்கொடை போயிற்று. துப்பாக்கியும் வேண்டாம், தடியடியும் வேண்டாம். வருங்கால வைப்பு நிதி விஷயத்தில் பிரான்சோடு இந்தியாவுக்குச் சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கை உண்டு. 2011 ஜூலை முதல் அமுலில் இருக்கிறது. ஜெர்மனி, பெல்ஜியம் போன்ற நாடுகளோடும் உண்டு. கம்பெனி அனுப்பி வைக்கும் இஞ்சினீயர்களுக்கு அது பயன்படுகிறது, பயன்படட்டும். நமது கூலித் தொழிலாளர் பெருங்கூட்டமாகப் போவது வளைகுடாவுக்கு. அந்த நாடுகளோடு அப்படிப்பட்ட உடன்படிக்கை செய்யச் சர்க்காருக்கு நேரம் கிடைக்கவில்லை.

இப்போது அந்தப் பிள்ளையின் தஸ்தாவேஜுகளுக்கு வருவோம். பாஸ்போர்ட்டின் நகல், பத்து விரல் ரேகை, முகப் படம், ரத்தப் பரிசோதனை முடிவு, பாங்கிக் கணக்கு எண், தாய் தகப்பன் பெயர், ஊர் முகவரி. ஏஜெண்டிடம் ஒரு பிரதி, பரிசோதனை நிலையத்தில் ஒரு பிரதி, விசா ஆபீசில், கம்பெனியில், சம்பளக் கணக்குக் கம்பெனியில், பாங்கியில் ஒவ்வொரு பிரதி. இத்தனை கைகளில் இருப்பது ஆபத்தில்லையாம். அவன் கையில் ஒரு பிரதி வந்தால்தான் ஆபத்தாம்!

தொழிலாளியின் பெயரும் அடையாளமும் கூலிக் கணக்கோடு சேர்ந்து கடல் கடப்பது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. வீராம்பட்டினத்தை ஒட்டியே அரிக்கமேடு இருக்கிறது. பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் கசால் 1949-இல் பாரிசில் வெளியிட்ட அகழ்வு நூலின் தலைப்பிலேயே வீராம்பட்டினத்தின் பெயர் உண்டு. ரோமாபுரி ஜாடிகள் அங்கே கிடைத்தன. பெயர் கீறிய பானை ஓடுகளும் கிடைத்தன. பண்டத்துக்குச் சொந்தக்காரன் பெயரை எழுதி வைக்கும் பழக்கம் அவ்வளவு பழையது. பண்டத்தைச் சுமந்தவனுக்கு என்ன கொடுத்தார்கள் என்று கீறிய ஓடு இன்னும் கிடைக்கவில்லை.

சென்ற நூற்றாண்டுக்கு முந்தியதற்கு வந்தால் கதை தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. 1861-இல் பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும் ஒப்பந்தம் செய்துகொண்ட பின், புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய கூலிகள் ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் எல்லாம் பதிவேட்டில். அவர்களுக்கு முன்பே நம்மவர் போய்ச் சேர்ந்திருந்த மொரீசியசில் 1867-இல் ஒரு சட்டம் போட்டார்கள். ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்த பழைய கூலிகள்கூடத் தங்கள் போட்டோ ஒட்டிய சீட்டு வைத்திருக்க வேண்டும். இல்லாதவனைப் போலீஸ் பிடிக்கும். அந்தச் சீட்டுக்குப் பணம் கூலிக்காரன் கையிலிருந்து. தோட்டத்தில் ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் கூலி வெட்டு. 'இரட்டை வெட்டு' என்றே அதற்குப் பெயர். 1871-இல் 9,401 பேர் மனுவில் ஒப்பமிட்டுக் கொடுத்த பிறகுதான் விசாரணைக் கமிஷன் வந்தது. அவர்களுக்கு மனு எழுதித் துணை நின்ற டி பிளெவிட்ஸ் என்ற வெள்ளைக்காரரைத் தோட்ட முதலாளிகள் எப்படி வெறுத்தார்கள் என்பது அந்தத் தீவின் சரித்திரத்தில் இருக்கிறது.

இலங்கைத் தோட்டங்களில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. இந்த ஆளின் கடன் இவ்வளவு, இதைக் கட்டினால் விடுவிப்பேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. துண்டு இல்லாதவனை இன்னொரு தோட்டம் எடுக்காது. கூலி எவ்வளவு என்பதைவிடக் கடன் எவ்வளவு என்பதுதான் அவனுடைய அடையாளம். 1901 வாக்கில் தகர வில்லை வந்தது: தோட்டத்தின் எழுத்தும் எண்ணும் பொறித்த ஒரு தகடு, மனிதனின் கழுத்தில் அல்லது மடியில். மண்டபத்தில் ஏறியவனை எந்தத் தோட்டத்தில் இறக்குவது என்று மூட்டைக்குப் போடுவது போன்ற குறி. துண்டு முறை 1921-இல்தான் சட்டப்படி ஒழிந்தது. தென்னாப்பிரிக்காவிலோ, பத்து விரல் ரேகை வைத்துப் பதிவுச் சீட்டு வாங்கு என்ற சட்டத்தை எதிர்த்து 1908 ஆகஸ்டு 16-ந் தேதி ஜோகானஸ்பர்க்கில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சீட்டுகளைக் கொப்பரையில் போட்டுக் கொளுத்தினார்கள். அந்தப் போராட்டத்தில் சிறை சென்ற தமிழர் எத்தனையோ பேர்.

தகர வில்லை இன்று கண்ணுக்குத் தெரியாத எண் ஆகிவிட்டது. அதனால் பாரம் குறைந்ததா? எண் திருடு போகும் வழிகள் அதிகமாகிவிட்டன என்பதே உண்மை. பிரிட்டனில் மாரிசன்ஸ் என்ற பெரிய கடைக் கம்பெனியில் 2014-இல், கம்பெனியின் சொந்தக் கணக்குத் தணிக்கையாளர் ஒருவரே ஏறக்குறைய ஒரு லட்சம் தொழிலாளரின் பெயர், முகவரி, பாங்கி எண், சம்பளம் அத்தனையையும் உலகம் பார்க்க வெளியிட்டார். அவருக்கு எட்டு வருஷம் சிறை. ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் கம்பெனி மேல் வழக்குப் போட்டார்கள். கீழ்க் கோர்ட்டுகளில் ஜெயித்தார்கள். 2020 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அந்த ஆளின் சொந்தக் குரோதத்துக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்று தீர்ப்பளித்தது. தகவலைச் சேர்த்தது கம்பெனி, அந்த ஆளிடம் ஒப்படைத்தது கம்பெனி, பொறுப்பு மட்டும் கம்பெனிக்கு இல்லை!

2021 டிசம்பரில் அமெரிக்காவில் குரோனோஸ் என்ற சம்பள, வருகைப் பதிவுக் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைக் கொள்ளையர் பூட்டிவைத்துப் பணம் கேட்டார்கள். ஆஸ்பத்திரி நர்சுகளும் நகரசபைத் தொழிலாளரும் கிறிஸ்துமஸ் மாதத்தில் உத்தேசச் சம்பளம் வாங்கினார்கள். ஓவர்டைம் கணக்கு வாரக்கணக்கில் தொங்கியது. 2023-இல் ஜெல்லிஸ் என்ற சம்பளக் கணக்குக் கம்பெனி வழியாகப் பிரிட்டிஷ் ஏர்வேஸ், பி.பி.சி., பூட்ஸ் ஆகிய மூன்று ஸ்தாபனங்களின் ஊழியர் தகவல் ஒரே வீச்சில் களவு போயிற்று. ஏன் ஒரே வீச்சில்? மூன்று பேரும் செலவு மிச்சம் என்று ஒரே இடத்தில் கணக்கை விட்டிருந்தார்கள். ஊர் நெல்லையெல்லாம் ஒரே களத்தில் கொட்டினால் திருடனுக்கு ஒரு இரவு போதும்.

திருடனுக்கு மட்டும்தான் பயப்பட வேண்டும் என்று எண்ணிவிடக் கூடாது. 2009-இல் பிரிட்டிஷ் தகவல் ஆணையர் அலுவலகம் ஒரு சின்ன ஆபீசைச் சோதனை போட்டது. அங்கே 3,200-க்கு மேற்பட்ட கட்டுமானத் தொழிலாளரின் குறிப்பட்டைகள் அகப்பட்டன. இன்னார் சங்கக்காரர், இன்னார் பாதுகாப்புக் குறையைப் பற்றிப் புகார் செய்தவர், இன்னாரை எடுக்காதே. 40-க்கு மேற்பட்ட பெரிய கம்பெனிகள் சந்தா கட்டி இந்தப் பட்டியலைப் பயன்படுத்தி வந்தன. வருஷக்கணக்கில் வேலை மறுக்கப்பட்ட மனிதர்களுக்குக் காரணமே தெரியாது. 2016-இல்தான் கம்பெனிகள் மன்னிப்புக் கேட்டு நஷ்டஈடு கொடுத்தன. அதையும் சங்கங்கள் வழக்காடித்தான் வாங்கின. வேலை நிறுத்தத்துக்கு மறுநாள் ஆலை வாசலில் ஒட்டிய பெயர்ப் பட்டியலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது ஆச்சரியமளிக்காது. 1936 ஜூலை 30-ந் தேதி சவானா ஆலையில் பிரெஞ்சுப் போலீஸ் 12 பேரைச் சுட்டுக் கொன்ற இந்த ஊரில், அடுத்த வருஷமே எட்டு மணி நேர வேலைச் சட்டத்தை வாங்கிய இந்த ஊரில், முதலாளி பட்டியல் வைத்திருப்பான் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டாம்.

இனி நமது சட்டத்தைப் பார்ப்போம். இங்கேதான் மிகவும் கவனமாகப் படிக்க வேண்டும்.

2023-இல் பாராளுமன்றம் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றியது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் அமுலுக்கு வரும் என்று வைத்திருக்கிறார்கள். ஒருவருடைய தகவலைப் பயன்படுத்த அவருடைய சம்மதம் வேண்டும் என்பது சட்டத்தின் பொது விதி. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் 7-வது பிரிவில் ஒரு விலக்கு: வேலை சம்பந்தமான காரியத்துக்கும், முதலாளியை நஷ்டத்திலிருந்து காப்பாற்றும் காரியத்துக்கும் சம்மதம் வேண்டாம். சரி, கூலி போட எண் வேண்டும்தான், ஒவ்வொரு மாதமும் சம்மதம் கேட்டுக்கொண்டிருக்க முடியாதுதான் என்று விட்டுவிடலாம் என்று பார்த்தால், 11-வது பிரிவு நிற்கிறது. என் தகவல் என்ன வைத்திருக்கிறாய், யார் யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்கும் உரிமை, சம்மதம் கொடுத்து ஒப்படைத்த தகவலுக்குத்தான் உண்டு. தவறைத் திருத்தக் கேட்கும் 12-வது பிரிவும் அதே மாதிரிதான். முதலாளியோ சம்மதமே கேட்கவில்லை. ஆகவே கேட்கும் உரிமையும் இல்லை! கடையில் சாமான் வாங்குபவனுக்குள்ள உரிமை, அந்தக் கடையில் மூட்டை தூக்குபவனுக்கு இல்லை.

இதைவிடப் பெரிது 17-வது பிரிவு. வெளிநாட்டுக் கம்பெனியோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, இந்தியாவில் இல்லாத ஆட்களின் தகவலை இந்தியாவில் வைத்து வேலை செய்தால், பூட்டிப் பத்திரமாக வைக்க வேண்டும் என்பது போன்ற ஓரிரு கடமை தவிர, இந்தச் சட்டத்தின் உரிமைப் பகுதி எதுவும் அதற்குப் பொருந்தாது. வெளிநாட்டு வியாபாரம் சென்னைக்கும் பெங்களூருக்கும் வர வேண்டும் என்பதற்காகச் செய்த சலுகை. வீராம்பட்டினத்துப் பிள்ளை இந்தியப் பிரஜை. ஓட்டு இங்கே, ரேஷன் அட்டை இங்கே, தாய் இங்கே. அவன் கூலிக் கணக்கு சென்னையில். ஆனால் அவன் உடம்பு வளைகுடாவில் இருப்பதால், சென்னையில் இருக்கும் தன் கணக்கைப் பார்க்க அவனுக்கு இந்தியச் சட்டத்தில் வழியில்லை. கணக்குக் கம்பெனி அனுப்பிய இரண்டு வரி பதில் திமிரால் எழுதியதல்ல; சட்டம் கொடுத்த தைரியத்தில் எழுதியது.

அந்நாட்டுச் சட்டத்தில் கேட்கலாமே என்பார்கள். அங்கும் தகவல் சட்டங்கள் வந்திருக்கின்றன. சவூதியில் உண்டு, அமீரகத்தில் உண்டு, கத்தாரில் உண்டு. அவற்றை வைத்து ஒரு பைப் ஃபிட்டர் தனி ஆளாகத் தன் கம்பெனியோடு வழக்காட வேண்டும். சவூதியிலும் அமீரகத்திலும் சங்கம் வைக்க அனுமதியில்லை. விசா அதே கம்பெனியின் கையில்.

ஐரோப்பாவில் 2018 மே முதல் அமுலில் உள்ள சட்டம், வேலையிடத்துத் தகவல் பற்றிச் சங்கத்தோடு கூட்டு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்று தனியாகவே ஒரு பிரிவு வைத்திருக்கிறது. ஜெர்மனியில் தொழிலாளர் கவுன்சில் உள்ள கம்பெனியில், அந்தக் கவுன்சிலின் உடன்பாடில்லாமல் ஆட்களைக் கண்காணிக்கக்கூடிய கம்ப்யூட்டர் முறையைப் புகுத்த முடியாது. அங்கே முதலாளிகள் தர்மவான்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. சங்கம் இருக்கிறது, அவ்வளவுதான்.

உள்ளூரில் இருக்கும் விவசாயக் கூலித் தோழர்கள், இது கடல் தாண்டியவன் பிரச்னை என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் காலையும் மாலையும் போட்டோ எடுத்துச் செல்போனில் ஏற்றச் சொன்னார்கள். 2024 ஜனவரி 1 முதல் ஆதார் வழியாகத்தான் பட்டுவாடா என்றார்கள். அட்டையில் ஒரு எழுத்து, பாங்கியில் ஒரு எழுத்து. 'ல'வுக்கும் 'ள'வுக்கும் நடந்த சண்டையில் எத்தனை பேருக்குக் கூலி நின்றது என்பது நாற்று நடும் பெண்களுக்குத் தெரியும். வலை இழுத்தும் களை பறித்தும் தேய்ந்த விரலை இயந்திரம் அடையாளம் காண்பதில்லை. உழைத்து உழைத்து ரேகை அழிந்தவனைப் பார்த்து நீ யார் என்று கேட்கிறது! ஏ.எப்.டி., சுதேசி, பாரதி ஆலைகள் 2020-இல் மூடப்பட்டனவே. அந்த ஆலைத் தோழர்கள் அறிவார்கள், பழைய பேரேட்டில் பெயரும் பிறந்த தேதியும் மாறிக் கிடந்தால் வைப்பு நிதிப் பணத்துக்கு எத்தனை நடை நடக்க வேண்டும் என்பதை.

ஆகவே பதிவேடே வேண்டாம், கம்ப்யூட்டரே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நாம் கேட்பது இது. 17-வது பிரிவின் சலுகையிலிருந்து சம்பளக் கணக்கை வெளியே எடுக்க வேண்டும். இந்தியப் பிரஜையின் கூலி இந்திய மண்ணில் கணக்கிடப்பட்டால், எந்த நாட்டில் வேலை செய்தாலும் அதைப் பார்க்கவும் திருத்தவும் அவனுக்கு உரிமை வேண்டும். 11-வது, 12-வது பிரிவுகளின் உரிமை, சம்மதம் கேட்கப்படாத தொழிலாளிக்கும் வர வேண்டும். பிடித்தம் என்று எழுதினால் என்ன பிடித்தம் என்று அவன் படிக்கும் மொழியில் எழுத வேண்டும். 'இதர' என்ற சொல்லையே சம்பளச் சீட்டிலிருந்து ஒழிக்க வேண்டும். தகவல் களவு போனால் இன்றைய சட்டப்படி 250 கோடி வரை அபராதம் உண்டு. ஆனால் அது சர்க்கார் கஜானாவுக்குப் போகிறது, பறிகொடுத்தவனுக்கு ஒரு காசு கிடையாது. முன்பு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவு நஷ்டஈட்டுக்கு ஒரு வாசலாவது வைத்தது. புதிய சட்டம் அதையும் எடுத்துவிட ஏற்பாடு செய்திருக்கிறது. அந்த வாசல் திறந்தே இருக்க வேண்டும். ஆளை அனுப்பும் ஏஜெண்ட், விமானம் ஏறும் முன்பே ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதியைக் குடும்பத்திடம் கொடுக்க வேண்டும். இவற்றைக் கேட்டு நமது எம்.பி.க்களிடமும் தொழிலாளர் இலாகாவிடமும் மகஜர் கொடுக்கிறோம்.

மகஜர் ஒரு பக்கம் போகட்டும். மாதச் சீட்டு வந்துகொண்டேயிருக்கிறது. அந்தத் தாயின் பிள்ளை இப்போது ஒவ்வொரு மாதமும் சீட்டைப் படமெடுத்து அனுப்புகிறான். அதே கம்பெனியில் வேலை செய்யும் இன்னும் மூன்று ஊர்ப் பையன்களின் சீட்டும் வந்திருக்கிறது. நான்கிலும் 'இதர பிடித்தம்' 50. நால்வருக்கும் ஒரே தொகை என்றால் அது சாப்பாடும் அல்ல, அபராதமும் அல்ல. நான்கு பேர் பெயரிலும் ஒரே புகாராக எழுதி, தூதரகத்துக்கும் வெளியுறவு அமைச்சகத்தின் குறை தீர்க்கும் பிரிவுக்கும் அனுப்பியிருக்கிறோம்.

வெளிநாட்டில் பிள்ளை வேலை செய்யும் குடும்பத்தார் ஞாயிறு மாலை சங்க ஆபீசுக்கு வாருங்கள். சம்பளச் சீட்டு, ஒப்பந்தம், பாஸ்போர்ட்டின் முதல் பக்கம் ஆகியவற்றின் நகலைக் கொண்டுவாருங்கள். ஒரு பிரதி உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இருக்கட்டும். பாங்கி அட்டையின் ரகசிய எண்ணும், போனில் வரும் ஓ.டி.பி. எண்ணும் எங்களுக்கு வேண்டாம். நாங்களே கேட்டாலும் சொல்லாதீர்கள்.